ஆளுநர் திரும்பப் பெற்ற செய்தி



நியூ ஜெர்சியின் யூனியன் நகரில், கீன் பல்கலைக்கழகத்தை ஒட்டி 'லிபர்ட்டி ஹால்' என்னும் பழைய மாளிகை நிற்பதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். மாநிலத்தின் முதல் ஆளுநர் வில்லியம் லிவிங்ஸ்டன் கட்டிய இல்லம் அது. 1776 முதல் 1790இல் இறக்கும் வரை அவரே ஆளுநர். அவருடைய கடிதங்களும் ஆவணங்களும் நம் காலத்தில் ஐந்து தொகுதிகளாக அச்சேறியுள்ளன.

அவற்றுள் 1778 ஜூலையில் சாமுவேல் அல்லின்சன் என்னும் குவேக்கர் சபை நண்பருக்கு அவர் எழுதிய மடல் ஒன்று உண்டு. அடிமைகளின் விடுதலைக்கு வழி காணுமாறு சட்டமன்றத்திற்குத் தாம் செய்தி அனுப்பியதையும், போர் நடக்கும் நெருக்கடியில் இது வேண்டாம், திரும்பப் பெறுங்கள் என்று உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் கேட்டுக்கொண்டதையும் அதில் தெரிவிக்கிறார். அவரும் இணங்கினார். அடிமைத்தனம் கிறிஸ்தவ நெறிக்கு முற்றிலும் முரணானது என்று அதே மடலில் எழுதிய அவரே அடிமைகளை வைத்திருந்தவர். பின்னர் இருவரை விடுவித்தார்.

"காலம் கனியட்டும்" என்ற அந்த இணக்கத்தின் விலை என்ன? 1804ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வாண்டு ஜூலை 4க்குப் பின் பிறக்கும் குழந்தைகளுக்கே விடுதலை அளித்தது. அதுவும் ஆண்கள் 25 வயது வரையும் பெண்கள் 21 வயது வரையும் தாயின் உரிமையாளருக்கு உழைத்த பிறகே. 1846இல் அடிமைமுறை ஒழிந்ததென அறிவித்த சட்டம், எஞ்சியோரை 'ஆயுள்காலப் பயிற்சியாளர்' எனப் பெயர் மாற்றியதோடு நின்றது. 1860 மக்கள்தொகைக் கணக்கிலும் 18 பேர் அடிமைகளாகவே பதிவாயினர். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தை 1865இல் நிராகரித்த நியூ ஜெர்சி, அது நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பின், 1866இல்தான் ஏற்றது. அந்த மடலிலிருந்து எண்ணினால் 88 ஆண்டுகள். ஒரு மனிதனின் முழு வாழ்நாளைவிட நீண்ட காத்திருப்பு அது.

அன்பர்களே, இதை அமெரிக்கரின் குற்றமென்று வாசித்து நகர்ந்துவிட வேண்டாம். நம் தாயகத்துப் பங்குகள் சிலவற்றில், ஒரே நற்கருணையை உண்டவர்கள் சாதி வாரியாகத் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களில் துயில்கிறார்கள். கேட்டால், "ஊர் இன்னும் பக்குவப்படவில்லை, சாமி" என்கிறார்கள். லிவிங்ஸ்டனுக்குச் சொல்லப்பட்டதும் இதுவேயன்றோ?

ஊர்த் திருவிழாவுக்கும் கல்லறைச் சீரமைப்புக்கும் டாலர்களை அனுப்பும் உங்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு. அடுத்த காணிக்கையை அனுப்புமுன், அது எந்தச் சுவரைக் காக்கப் போகிறது என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். தனிமடலில் அன்று, பங்குப் பேரவையின் முன் கேளுங்கள்.

இறை ஆசீர் உங்களோடு இருப்பதாக.