பல்கலைக்கழகங்கள் அச்சம் நீங்கிய வரலாறு

பல்கலைக்கழகம் என்றதும் உயர்ந்த கட்டடங்களும் பரந்த புல்வெளிகளும் அமைதி நிலவும் நூலகங்களுமே பலருடைய மனக்கண்முன் தோன்றும். ஆனால், ஐரோப்பாவிலே முதன்முதல் எழுந்த பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தக் கட்டடம் ஒன்றேனும் இருக்கவில்லை. வாடகை வீடுகளிலே ஆசிரியர் பாடஞ் சொன்னார்; தரையிலே பரப்பிய வைக்கோலின்மேல் அமர்ந்து மாணாக்கர் பாடங் கேட்டனர். அவர்களைச் சூழ்ந்திருந்த நகரமோ அவர்களை அன்போடு நோக்கவில்லை. வேற்றூரார் என்று ஒதுக்கியது, வாடகையை உயர்த்தியது, சில வேளைகளில் வாளையும் உயர்த்தியது. நகரத்தவரின் பகை ஒருபுறம், அதிகாரத்தின் ஐயம் ஒருபுறம், தமக்குள்ளே மூண்ட பூசல் மற்றொருபுறம். இவற்றின் நடுவே அச்சிறு கூட்டங்கள் எவ்வாறு நிலைபெற்றன என்பது அறிந்து பயன்கொள்ளத்தக்க வரலாறாகும்.

இத்தாலியிலுள்ள பொலோஞா நகரிலே அவ்வரலாறு தொடங்குகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் உரோமச் சட்டத்தைக் கற்கும் வேட்கையோடு ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தும் இளைஞர் பலர் அங்கு வந்து குழுமினர். அக்காலத்திலே ஒரு கொடிய வழக்கம் இருந்தது. ஓர் ஊரைச் சேர்ந்தவன் பட்ட கடனைத் தீர்க்காது போய்விட்டால், அவ்வூரைச் சேர்ந்த வேறெவனையாவது பிடித்து அக்கடனை அறவிடலாம். தான் வாங்காத கடனுக்காகவும் தான் இழைக்காத தீங்குக்காகவும் தண்டிக்கப்பட்ட மாணாக்கன் யாரிடம் போய் முறையிடுவான்? சக்கரவர்த்தி முதலாம் பிரெடெரிக் 1155 ஆம் ஆண்டுக்கும் 1158 ஆம் ஆண்டுக்கும் இடையில் வழங்கிய சாசனம் இக்குறையைத் தீர்த்தது. கல்வி நாடிப் பயணஞ் செய்வோர் அச்சமின்றிப் போய்வரலாம் என்றும், பிறர் கடனுக்காக அவர்களைத் துன்புறுத்தலாகாது என்றும் அது விதித்தது. அவர்கள்மீது வழக்குத் தொடரப்படின், தம் ஆசிரியரையோ நகரத்து மேற்றிராணியாரையோ நீதிபதியாகத் தெரிந்துகொள்ளும் உரிமையையும் அளித்தது. அந்நியனாக இருப்பது ஒரு குற்றமன்று என்ற கொள்கை இவ்வாறு சட்டமாயிற்று.

ஆனால், சாசனம் ஒன்று எழுதப்பட்டவுடன் பகை மறைந்துவிடுவதில்லை. 1200 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத் தவறணை ஒன்றில் ஜெர்மன் மாணாக்கர் ஒருவருடைய பணியாள் தாக்கப்பட்டான். மாணாக்கர் திரண்டு சென்று தவறணைக்காரனை அடித்தனர். அதற்குப் பழிவாங்குமுகமாக, நகரைக் காக்கும் அரச அதிகாரியே பொதுமக்களைக் கூட்டிச்சென்று மாணாக்கர் விடுதியைத் தாக்கினார், சிலர் உயிரிழந்தனர். வேலியே பயிரை மேய்ந்த கதையாயிற்று. ஆசிரியர்கள் நகரைவிட்டு நீங்கிவிடுவரோ என்று அஞ்சிய பிலிப் அகஸ்துஸ் மன்னர் அவ்வதிகாரியைச் சிறையிலிட்டார். மாணாக்கனுக்குத் தீங்கு நேர்வதைக் காணும் நகரத்தார் அதனை மறைக்காது சாட்சி சொல்லல் வேண்டும் என்றும், இனிப் பதவியேற்கும் அதிகாரி ஒவ்வொருவரும் மாணாக்கரின் உரிமைகளைக் காப்பதாகக் கல்விமான்கள் முன்னிலையிற் சத்தியஞ் செய்தல் வேண்டும் என்றும் ஆணையிட்டார்.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் நகரிலே பெண்ணொருத்தி கொல்லப்பட்டாள். கொலைப்பழிக்கு ஆளான மாணாக்கன் தப்பியோடிவிட்டான். சினங்கொண்ட நகரத்தார் அவனோடு ஒரே வீட்டிற் குடியிருந்தவர்களைப் பிடித்தனர். ஜோன் மன்னரின் இசைவோடு அவர்களுட் சிலரைத் தூக்கிலிட்டனர். குற்றம் ஒருவனுடையது, உயிர் போனதோ வேறு சிலருடையது. 1209 ஆம் ஆண்டிலே நிகழ்ந்த இக்கொடுமையைக் கண்ட ஆசிரியரும் மாணாக்கரும் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு நகரைவிட்டு வெளியேறினர். அவர்களுட் சிலர் சென்று தங்கிய சிற்றூர் ஒன்றின் பெயர் கேம்பிரிட்ஜ். இன்று உலகெங்கும் புகழ்பெற்று விளங்கும் அப்பல்கலைக்கழகம் அச்சத்தால் ஓடிவந்தவர்களின் புகலிடமாகவே தோன்றியது.

ஒக்ஸ்போட் நகரமோ வெறிச்சோடியது. வீடுகளுக்கு வாடகைக்காரர் இல்லை. அப்பமும் பியரும் விற்போருக்கு வியாபாரம் இல்லை. மாணாக்கரைச் சுமையென்று எண்ணிய நகரத்தார் தங்கள் பிழைப்பு அவர்களோடு பிணைந்திருந்ததை அப்பொழுதுதான் உணர்ந்தனர். 1214 ஆம் ஆண்டிலே பாப்பரசரின் பிரதிநிதி சமாதான நிபந்தனைகளை விதித்தார். பத்து ஆண்டுகளுக்கு மாணாக்கர் விடுதிகளின் வாடகையிற் பாதியைக் குறைத்தல் வேண்டும். ஏழை மாணாக்கருக்காக ஆண்டுதோறும் 52 சிலிங் கொடுத்தல் வேண்டும். புனித நிக்கலாஸ் திருநாளிலே 100 ஏழை மாணாக்கருக்கு உணவளித்தல் வேண்டும். உணவுப் பொருள்களை நியாய விலைக்கு விற்றல் வேண்டும். தூக்கிலிட்டோர் வெறுங்காலோடு நடந்து சென்று, இறந்தோரின் உடல்களை முறைப்படி அடக்கஞ் செய்வித்தல் வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. தம் தோழர் வெளியேறிய பின்னரும் அங்கிருந்து பாடஞ் சொன்ன ஆசிரியர்கள் மூன்று ஆண்டுகளுக்குக் கற்பித்தலாகாது என்றும் விதிக்கப்பட்டது.

இக்காலத்துச் சம்பவங்களுள் மிக முக்கியமானது 1229 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் நிகழ்ந்தது. களியாட்ட நாளொன்றில் மதுவின் விலை குறித்து மாணாக்கருக்கும் தவறணைக்காரனுக்கும் வாக்குவாதம் மூண்டது. அடிபட்டுச் சென்ற மாணாக்கர் மறுநாள் தடிகளோடு திரும்பி வந்து அப்பகுதியைச் சூறையாடினர். அரசப் பிரதிநிதியாக விளங்கிய பிளாஞ்ச் அரசியார் தண்டனைக்கு உத்தரவிட்டார். காவற்படையினர் குற்றவாளிகளைத் தேடிப் பிடிக்கவில்லை. எதிர்ப்பட்ட மாணாக்கர்மீது பாய்ந்தனர். கலகத்திற் பங்குகொள்ளாத மாணாக்கர் பலர் மாண்டனர். நீதி கேட்ட ஆசிரியர்களுக்கு நீதி கிடைக்கவில்லை. அவர்கள் தம்மிடமிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தனர். பாடஞ் சொல்வதை நிறுத்தினர். இரண்டு ஆண்டுகள் பாரிஸின் வகுப்புகள் மௌனமாயின. மாணாக்கர் ஓர்லேயன், ஆஞ்செர், துலூஸ், ஒக்ஸ்போட் முதலிய இடங்களுக்குச் சிதறினர்.

1231 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரி வழங்கிய சாசனம் இப்பிணக்கைத் தீர்த்துவைத்தது. பாடநேரம், பாடமுறை, விடுதி வாடகை முதலியவற்றைக் குறித்துப் பல்கலைக்கழகமே விதிகள் வகுக்கலாம். உறுப்பினர் எவரேனும் கொல்லப்பட்டோ காயப்படுத்தப்பட்டோ 15 நாட்களுள் பரிகாரம் கிடைக்காவிடின் பாடங்களை நிறுத்தலாம். இவை அவர்கள் பெற்ற உரிமைகள். ஆனால், அதே சாசனம் மாணாக்கர் ஆயுதந் தரித்து நகரில் உலாவுதலாகாது என்றும், அமைதியைக் குலைப்போருக்குப் பல்கலைக்கழகம் அரணாக நிற்றலாகாது என்றும் விதித்தது. உரிமையோடு பொறுப்பும் ஒட்டியே வந்தது. இதுவே அச்சாசனத்தின் சிறப்பு.

இதுவரை கூறியது புறப்பகையின் கதை. அகத்தே நிகழ்ந்தது யாது? நகரத்தவரோடு தடியெடுத்துச் சண்டையிட்ட அதே மாணாக்கரைச் சொல்லெடுத்து வாதிடப் பழக்கியது ஒரு முறை. தமிழர் பட்டிமண்டபம் என்று அறிந்திருந்த வாதமன்றத்தை ஒருபுடை ஒத்தது அது. ஆசிரியர் ஒரு வினாவை முன்வைப்பார். மாணாக்கர் சிலர் தடை கூறுவர். ஒருவர் விடை கூறுவார். இருதரப்பு நியாயங்களும் சொல்லி முடிந்தபின், ஆசிரியர் அவற்றைத் தொகுத்துத் தம் தீர்ப்பை உரைப்பார். எதிர்க்கட்சியாரின் வாதத்தை முதலிற் செம்மையாக எடுத்துக்கூறாது அதனை மறுத்தல் முறையாகக் கருதப்படவில்லை. ஆகவே, மறுக்க விரும்புபவன் முதலிற் செவிகொடுத்துக் கேட்க வேண்டியவனானான். கிறித்து பிறப்பு விழாவுக்கு முந்திய காலத்திலும் தவக்காலத்திலுமாக, ஆண்டிற்கு இருமுறை, இதனினும் துணிவான மன்றம் கூடியது. அன்று எவரும் எப்பொருள் பற்றியும் வினவலாம். மன்றத்தை ஏற்ற ஆசிரியர் விடையளித்தல் வேண்டும்.

இம்மன்றமும் எளிதிற் காக்கப்படவில்லை. 1250 ஆம் ஆண்டுகளிலே துறவறச் சபைகளைச் சேர்ந்த ஆசிரியர்களுக்கும் ஏனைய ஆசிரியர்களுக்குமிடையே கடும் பிணக்கு எழுந்தது. பாரிஸ் நகரிலிருந்த தொமினிக்கன் மடத்திற்கு அரச வில்லாளர் காவல் நிற்க வேண்டிய நிலை ஏற்பட்டது. பிற்காலத்திலே பேரறிஞராகப் போற்றப்பட்ட தோமஸ் அக்குவைனாஸ் 1256 ஆம் ஆண்டிலே ஆசிரியப் பதவியேற்று ஆற்றிய முதல் விரிவுரைக்குச் செல்ல முயன்றோரைச் சிலர் தடுத்தனர். படித்தவர் கூட்டத்திலும் பகைமை புகும் என்பதற்கு இது சான்று. அத்தோமஸ் தம் நூல்களிலே ஒவ்வொரு வினாவுக்கும் எதிர்வாதங்களையே முதற்கண் வைத்தார் என்பது சிந்தித்தற்குரியது.

நூல்களும் ஐயத்திற்கு ஆளாயின. இயற்கை பற்றி அரிஸ்டோட்டில் எழுதிய நூல்களைப் பாரிஸிலே கற்பித்தலாகாது என 1210 ஆம் ஆண்டிலே தடை விதிக்கப்பட்டது. 1229 ஆம் ஆண்டிலே புதிதாகத் தோன்றிய துலூஸ் பல்கலைக்கழகம், பாரிஸிலே தடுக்கப்பட்ட நூல்களைத் தன்னிடம் வந்து கற்கலாம் என்று அழைப்பு விடுத்தது. 1255 ஆம் ஆண்டளவில் அந்நூல்கள் பாரிஸின் பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றன. 1277 ஆம் ஆண்டிலே பாரிஸ் மேற்றிராணியார் 219 கருத்துகளைக் கண்டனஞ் செய்தார். அவற்றுள் தோமஸின் கோட்பாடுகளைத் தொடுவனவாக இருந்த அளவுக்கு, அக்கண்டனம் 1325 ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டது. தடைகள் வந்தன, போயின, வினவும் வழக்கமோ நின்றுவிடவில்லை.

இனி மீண்டும் ஒக்ஸ்போட்டிற்கு வருவோம். 1355 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 10 ஆம் தேதி, புனித ஸ்கொலஸ்திக்காவின் திருநாள். தவறணையொன்றிலே மாணாக்கர் சிலர் மது நன்றாயில்லை என்று குறை கூறினர். சொல் தடித்தது, கிண்ணம் பறந்தது. நகரத்தார் தங்கள் கோயில் மணியை அடித்தனர்; மாணாக்கர் தங்கள் கோயில் மணியை அடித்தனர். சுற்றியிருந்த கிராமங்களிலிருந்தும் மக்கள் ஆயுதங்களோடு வந்து சேர்ந்தனர். மூன்று நாட்கள் நீடித்த கலகத்திலே 63 மாணாக்கர் மாண்டனர் என்று மரபாகக் கூறப்படுகின்றது. நகரத்தார் பக்கத்திலும் ஏறக்குறைய 30 பேர் இறந்தனர்.

மூன்றாம் எட்வேட் மன்னர் பல்கலைக்கழகத்தின் பக்கமே சாய்ந்தார். அப்பம், பியர் ஆகியவற்றின் விலையையும் தரத்தையும் நிறையையும் அளவையையும் மேற்பார்வை செய்யும் அதிகாரம் நகரத்தாரிடமிருந்து பல்கலைக்கழகத்திற்கு மாறியது. அதுவன்றி, நகர முதல்வரும் நகரத்துப் பெரியோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோரும் ஆண்டுதோறும் அத்திருநாளிலே புனித மரியாள் கோயிலுக்கு வந்து, இறந்த மாணாக்கருக்காக வழிபாடு செய்து, ஆளுக்கு ஒரு பென்னி காணிக்கை செலுத்துதல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

பல்கலைக்கழகத்திற்கு இது முழு வெற்றி. ஆனால், அவ்வெற்றி நம்பிக்கையை வளர்த்ததா? தலைமுறை தலைமுறையாக, அக்கலகத்திற் பங்குகொள்ளாத நகரத்தார் தங்கள் முன்னோர் செய்த பிழைக்காகத் தலைகுனிந்து நின்றனர். பிறர் கடனுக்காகத் தம்மைப் பிடித்தலாகாது என்று பொலோஞாவிலே முறையிட்ட மாணாக்கரின் வழித்தோன்றல்கள், ஒக்ஸ்போட்டிலே பிறர் பிழையை நகரத்தவரின் பேரப்பிள்ளைகளிடமிருந்து ஆண்டுதோறும் அறவிட்டனர். தண்டனை அமைதியைத் தந்தது, நட்பைத் தரவில்லை. 1825 ஆம் ஆண்டிலே நகர முதல்வர் அவ்வழிபாட்டிற் பங்குகொள்ள மறுத்தார். ஏறக்குறைய 470 ஆண்டுகள் நீடித்த அச்சடங்கு அத்தோடு நின்றது.

அதன் பின்னும் 130 ஆண்டுகள் சென்றன. 1955 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 10 ஆம் தேதி, கலகம் நிகழ்ந்து 600 ஆண்டுகள் நிறைவெய்திய அந்நாளிலே, பல்கலைக்கழகம் நகர முதல்வருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது. நகரம் உபவேந்தருக்குக் கௌரவ நகரவாசி என்னும் பதவியை வழங்கியது. மன்னர் ஒருவரும் இதற்கு ஆணையிடவில்லை. ஒருவர் மற்றவர்முன் தலைகுனியவுமில்லை. இருவரும் கொடுத்தனர், இருவரும் பெற்றனர்.

இவ்வரலாற்றிலே குறைகள் இல்லையென்று கொள்ளற்க. அந்த வாதமன்றங்களிலே பெண்களுக்கு இடமிருக்கவில்லை. எவ்வினாவையும் கேட்கலாம் என்ற மன்றத்திற்கும் எல்லைகள் இருந்தன. மாணாக்கரும் நகரத்தாரும் செய்த பிழைகள் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. எனினும், மூன்று உண்மைகள் இதிலிருந்து புலனாகின்றன. உயிருக்கு அச்சம் உள்ள இடத்திலே கல்வி தங்காது. அது கேம்பிரிட்ஜ் சென்றாற்போல வேறிடம் தேடிச் சென்றுவிடும். ஆதலால் காவல் முதலில் வேண்டும். காவல் மட்டும் போதாது. மாற்றார் கருத்தைத் திருத்தமாக எடுத்துரைத்து அதன்பின் மறுக்கும் வழக்கம் உள்ளே வேரூன்றுதல் வேண்டும். காவலும் வாதமும் அமைந்த பின்னரும் நம்பிக்கை தானாக வந்துவிடாது. வென்றவன் தன் வெற்றியை நினைவூட்டிக்கொண்டே இருப்பதை நிறுத்தும் நாளிலேதான் அது முளைக்கத் தொடங்கும்.

ஒக்ஸ்போட் நகரிலே இவற்றுள் முதலாவது ஒரே ஆண்டிலே கிடைத்தது. மூன்றாவதற்கு 600 ஆண்டுகள் வேண்டியிருந்தன. அத்துணைக் காலம் காத்திருக்கவேண்டும் என்னும் விதி வேறெந்த நகரத்திற்கும் இல்லை.