மூச்சிரைப்பில் பிறந்த கேமரா

ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா. கூடவே போட்டோ பைத்தியமும்! இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் என்ன ஆகும்?

நூறு வருஷத்துக்கு முன்னால் கேமரா சட்டைப்பை சமாசாரம் இல்லை. பெரிய பெட்டி, கண்ணாடித் தகடுகள், முக்காலி என்று ஒரு குடித்தனத்தையே சுமக்க வேண்டும். ஜெர்மனியின் காட்டுப் பாதைகளில் அதைத் தூக்கி நடந்த பார்னாக்குக்கு மூச்சு வாங்கியது. 'எடையைக் குறைத்தே ஆகணும்' என்று முடிவு கட்டினார்.

1911ல் அவர் வெட்ஸ்லார் நகரத்தில், மைக்ராஸ்கோப் தயாரிக்கும் லைட்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கை கொடுத்தது சினிமா ஃபிலிம். 35 மி.மீ. அகலம், இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள். சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

சினிமா கேமராவில் ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடும். ஒரு கட்டம் 18க்கு 24 மி.மீ. பார்னாக் ஃபிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டார். இரண்டு கட்டத்தைச் சேர்த்து ஒரே படமாக்கினார். 24க்கு 36! இன்றைக்கு டிஜிட்டல் கேமராக்காரர்கள் 'ஃபுல் ஃபிரேம்' என்று பெருமையடிக்கிறார்களே, அந்த அளவு இதுதான்.

1914ல் மாதிரி கேமரா ரெடி. உள்ளே என்ன இருந்தது?

முன்னால் லென்ஸ். பின்னால் ஃபிலிம். நடுவே ஷட்டர், அதாவது இடுக்கு விட்ட ஒரு துணித்திரை. பட்டனை அமுக்கியதும் அந்த இடுக்கு ஃபிலிமுக்கு முன்னால் 'சர்ர்'ரென்று ஓடும். அது போகும் இடத்தில் மட்டும் வெளிச்சம் விழும். இடுக்கு குறுகினால், வெளிச்சம் படும் நேரமும் குறையும்.

மேலே ஒரு திருகு. அதைச் சுற்றினால் பல்சக்கரம் துளைகளைப் பிடித்து ஃபிலிமை அடுத்த கட்டத்துக்கு இழுக்கும். அதே சுற்றில் ஷட்டரும் தயாராகிவிடும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்! எடுத்த படத்தின் மேலேயே மறுபடி எடுத்து, மாமனார் தலையில் தென்னைமரம் முளைக்கிற கூத்துக்கு வழியே இல்லை.

ஒரு சிக்கல் இருந்தது. தபால்தலை சைஸ் நெகட்டிவைப் பெரிதாக்கினால் லென்ஸின் குறைகளும் சேர்ந்து பெரிதாகும். அதற்காகவே மாக்ஸ் பெரெக் என்ற நிபுணர் துல்லியமான லென்ஸ் ஒன்றை வடிவமைத்தார்.

சரி, விற்கலாமா? முதல் உலகப் போர் குறுக்கே வந்தது. 1923ல் ஜெர்மனியின் பணம் வெறும் காகிதமானது. சோதனைக்குக் கொடுத்த கேமராக்களைப் பார்த்துச் சிலர் பாராட்டினார்கள், சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். பழக்கமில்லாத சரக்கு, கையில் காசில்லாத மார்க்கெட். நான் படித்த காமர்ஸ் பாடத்தில் இதற்குப் பெயர் தற்கொலை!

1924 ஜூனில் மணிக்கணக்கில் கூட்டம் நடந்தது. பலரும் வேண்டாம் என்றார்கள். முதலாளி எர்ன்ஸ்ட் லைட்ஸின் கவலை வேறு. மைக்ராஸ்கோப் வியாபாரம் படுத்தால் தொழிலாளர்களுக்கு வேலை? துணிந்து 'சரி' சொல்லிவிட்டார்.

1925ல் லைப்சிக் பொருட்காட்சியில் கேமரா அறிமுகமானது. லைட்ஸையும் கேமராவையும் ஒட்டி வைத்த பெயர்... லைகா!

முக்காலி போயிற்று. போட்டோகிராபர் கூட்டத்துக்குள் புகுந்தார். 1948ல் காந்தியின் இறுதி ஊர்வலத்தில், ஜனசமுத்திரத்தின் நடுவே கார்ட்டியர் பிரெஸ்ஸான் படமெடுத்தது லைகாவில்தான்.

பார்னாக் அதைப் பார்க்கவில்லை. 1936லேயே இறந்துவிட்டார். அவர் சொந்தமாக உபயோகித்த சோதனைக் கேமரா, 105ம் நம்பர், 2022ல் வெட்ஸ்லாரில் ஏலத்துக்கு வந்தது. போன விலை ஒரு கோடியே நாற்பத்து நாலு லட்சம் யூரோ.

கேட்டிருந்தால் மனுஷனுக்கு மறுபடி மூச்சு வாங்கியிருக்கும்!