தந்தையின் அணி

ஒரு குடும்பத்தில் தந்தையிடமிருந்து மைந்தனைச் சென்று சேரும் பொருள்களுள் நிலமும் வீடும் முதன்மையானவை. பதுளை நகருக்கு அணித்தே, நமுனுகுலை மலையை நோக்கி உயரும் சரிவுகளில் அமைந்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலும், ஊவாவின் ஏனைய தோட்டங்களிலும் உழைத்த மக்களுக்கு இவ்விரண்டும் இருந்ததில்லை. குடியிருந்த லயத்துக் காம்பரா தோட்டத்துக்கு உரியது. கொழுந்து பறித்த மலையும் தோட்டத்துக்கே உரியது. ஆகவே அங்கு தந்தை வைத்துப்போனவை கையிலேந்த இயலாதவை: குலதெய்வ வழிபாடு, காமன்கூத்து, தென்னாட்டிலுள்ள ஓர் ஊரின் பெயர். இருபதாம் நூற்றாண்டில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்தது. விளையாட்டில் ஓர் அணியின்பால் கொண்ட பற்றே அது. அற்பமாகத் தோன்றும் இப்பற்றின் வழியே நோக்கினால் மலையகத் தமிழரின் குடியுரிமை வரலாறு தெளிவாகத் தெரிகிறது.

கிரிக்கெட் ஆட்டத்தை மலைநாட்டுக்குக் கொணர்ந்தவர் ஆங்கிலத் துரைமார். டிக்கோயாவிலும் ராதல்லவிலும் அவர்களுடைய கழகங்கள் புல்வெளிகளை அமைத்து ஆடின. அவ்வாட்டங்களில் தொழிலாளிக்குரிய இடம் எல்லைக்கோட்டுக்கு அப்பாற்பட்டதே. ஆயினும் ஆட்டத்துக்குச் சாதி தெரியாது. லயத்துச் சிறுவர் பலகைத் துண்டை மட்டையாக்கிக்கொண்டனர்.

அடுத்து வருவது 1948ஆம் ஆண்டு. அவ்வாண்டு பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில் கொழும்பில் இறங்கி ஆடியது. அன்று இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம். முந்தைய ஆண்டில் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்தவர். ஒரு தமிழர் நாட்டின் அணித்தலைவராக விளங்கிய அதே ஆண்டில்தான், 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. சதாசிவத்தின் வெற்றியை நம் வெற்றி என்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சொல்லிக்கொள்ளலாம். ஊவாவின் தொழிலாளி அவ்வாறு சொல்ல, அவனுக்கு நாடு எது?

அவ்வினாவுக்கு வானொலி ஒருவகையில் விடை தந்தது. கடலுக்கு அக்கரையிலிருந்து வரும் ஒலிக்கு வாக்காளர் இடாப்பு வேண்டுவதில்லை. 1952–53 பருவந்தொட்டுச் சென்னையும் இலங்கையும் கோபாலன் கிண்ணத்துக்காக மோதின. ரஞ்சிக் கிண்ணப் போட்டிகளின் முதற்பந்தை 1934இல் வீசிய எம். ஜே. கோபாலனின் பெயரால் அமைந்த கிண்ணம் அது. பிறந்த நாடு ஒருபுறமும் பாட்டனாரின் நாடு மறுபுறமும் நிற்க, எப்பக்கம் சாய்வது என்ற இக்கட்டு மலையகத்து நேயருக்கு அன்றே தோன்றியிருத்தல் வேண்டும். இந்திய அணியின்பால் பற்றுக்கொண்ட தந்தையர் பலர். தம்மை ஏற்க மறுத்த நாட்டின் அணியைவிட, தம் முன்னோர் நாட்டின் அணி அவர்களுக்கு நெருங்கியதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்பாடு இம்மக்களைக் கூறுபோட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர். இருப்புப்பாதை 1924இல் வந்து முடிந்த பதுளை நிலையம், இப்போது பிரியாவிடைக்கு உரிய இடமாயிற்று. தலைமன்னாரை நோக்கிச் சென்ற அவ்வண்டியை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். தமையன் நீலகிரிக்கும் தம்பி லயத்துக்குமாகப் பிரிந்த குடும்பங்களில், எந்த அணி எவருடையது என்பதும் சட்டத்தின் கோட்டிலேயே பிரிந்தது.

இத்தகைய பற்று வங்கத்திலும் உண்டு. 1920இல் கல்கத்தாவில் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் உதைபந்தாட்டக் கழகம், 1947க்குப்பின் கிழக்கிலிருந்து ஓடிவந்த அகதிகளுக்கு இழந்த ஊரின் பெயராகவே நின்றது. அவ்வூரைக் கண்ணாற் காணாத பேரரும் அவ்வணிக்கே உரியவராயினர். ஊவாவின் மக்களுக்கோ அப்படி ஒரு கழகம்கூட வாய்க்கவில்லை. கடன்வாங்கிய அணியே கிடைத்தது.

1983 ஜூன் 25ஆம் நாள் கபில்தேவின் இந்திய அணி லோர்ட்ஸ் மைதானத்தில் உலகக் கிண்ணத்தை வென்றது. சரியாக ஒரு திங்களில் இலங்கையில் இனக்கலவரம் மூண்டது. பதுளை நகரின் தமிழர் கடைகளும் அத்தீக்குத் தப்பவில்லை. ஒரு மாதத்துக்கு முன் எந்த வெற்றிக்கு மகிழ்ந்தோம் என்பதையும் மறைக்க வேண்டிய காலம் வந்தது.

மாற்றம் கண்டிப் பக்கத்திலிருந்து வந்தது. 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர் பெரியசாமி சின்னசாமி. பிற்காலத்தில் அவர் தாயகம் திரும்பினார். மைந்தர் முத்தையா இங்கேயே தங்கி பிஸ்கட் தொழில் நடத்தினார். 1977ஆம் ஆண்டு வன்செயல் அக்குடும்பத்தையும் தாக்கிற்று. முத்தையாவின் மைந்தன் முரளிதரன் 1992இல் இலங்கை அணியில் இடம்பெற்றார். 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயார், அவரது பந்துவீச்சு முறையற்றதென்று ஏழு முறை கைநீட்டினார். சிங்களவரான அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க, தம் வீரரைக் கைவிடவில்லை. 1999 ஜனவரியில் அடிலெயிட்டில் இன்னொரு நடுவர் அதையே செய்தபோது, ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தையே நிறுத்திவைத்தார். தோட்டக்காட்டான் என்று இகழப்பட்ட மரபில் வந்த ஒருவருக்காக ஒரு நாடு நின்றதை லயங்கள் கண்டன. 1996இல் லாகூரில் வென்ற உலகக் கிண்ணத்தைவிட, ஊவாவின் இளைஞரைத் தம் தந்தையரின் அணியிலிருந்து பிரித்தது இதுவே எனலாம்.

1990இல் பிரித்தானிய அரசியலாளர் நோர்மன் டெபிட், குடியேறியோர் எந்த அணிக்கு ஆரவாரிக்கிறார்கள் என்பதைக் கொண்டு அவர்களின் நாட்டுப்பற்றை அளக்கலாம் என்றார். குடியுரிமை வழங்கிய நாடு கேட்டாலும் முறையற்ற வினா அது. வழங்காத நாடு கேட்பது எவ்வாறு தகும்? மலையக இளைஞர் இலங்கை அணியைத் தம்முடையதாகக் கொண்டபோதும், அவர்தம் இனத்தவர் பலரின் குடியுரிமை முற்றுப்பெறாமலே கிடந்தது. எஞ்சியோருக்கும் அதனை வழங்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது 2003 அக்டோபரில்தான்.

2011 ஏப்பிரல் 2ஆம் நாள் மும்பை வாங்கடே அரங்கில், உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவும் இலங்கையும் எதிர்நின்றன. தந்தையர் அணி ஒருபுறம், மைந்தர் அணி மறுபுறம். முந்தைய ஆண்டில் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டைத் தம் இறுதிப் பந்தில் வீழ்த்தியிருந்த முரளிதரனுக்கு, நாட்டுக்காக ஆடிய கடைசி ஆட்டம் அது. பாட்டனார் திரும்பிச் சென்ற நாட்டுக்கு எதிராகப் பேரர் எட்டு ஓவர்கள் வீசினார். விக்கெட் எதுவும் விழவில்லை. இந்தியா ஆறு விக்கெட்டுகளால் வென்றது.