10 லட்சம் டாலர் விரல்கள்

நம்ம பொம்மிடிப் பக்கம் பலருக்குப் பியானோ என்றால் பழைய சினிமாவில் பார்த்ததோடு சரி. ஆனால் சென்னையில் வளர்ந்த லிடியன் நாதஸ்வரம் அதை வைத்தே உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தார். 2005-ல் பிறந்தவர். ஏ.ஆர்.ரகுமான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் படித்தவர்.

2019-ல் அமெரிக்காவின் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியில், ரஷ்யரான ரிம்ஸ்கி கோர்சகோவின் வண்டு பறக்கும் இசையை நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்தில் வாசித்தார். உடனே அதையே 325-ல்! கடைசியில் 10 லட்சம் டாலர் பரிசு. அப்போது வயது 13.

சரி, அடுத்து என்ன? காமர்ஸ் படிக்கிறவனுக்கு இந்தக் கேள்விதான் வரும். பியானோ கச்சேரிக்கு இங்கே சந்தை சிறியது. மோகன்லால் இயக்கிய 'பரோஸ்' (2024) படத்துக்கு லிடியன் இசையமைத்தார். திறமையை வளர்க்க நமக்குத் தெரிகிறது. டிக்கெட் வாங்கிக் கேட்கும் கூட்டத்தை வளர்க்கத்தான் தெரியவில்லை.