வழக்குரையும் குளிர்த்தியும்: மட்டக்களப்பு வாவிக்கரைக் கண்ணகி வழிபாட்டில் அருள் என்னும் எண்ணத்தின் வளர்ச்சி

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், அதற்குத் தெற்கே காரைதீவு, தம்பிலுவில் வரையிலும் உள்ள கண்ணகை அம்மன் கோயில்களிற் பல, ஆண்டின் பெரும்பகுதி கதவடைத்தே கிடக்கும். வைகாசிப் பூரணையை ஒட்டித்தான் கதவு திறக்கும். செட்டிபாளையம், மகிழடித்தீவு, முதலைக்குடா, கன்னன்குடா, வந்தாறுமூலை என்று வாவியின் கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் அந்த நாட்களில் அம்மனின் ஊர்களாகிவிடும். கல்யாணக்கால் நடுவார்கள், உடுக்கொலியோடு வழக்குரை பாடுவார்கள், கடைசி இரவில் திருக்குளிர்த்தி நடக்கும், பிறகு கதவு மீண்டும் அடைபடும். ஒரு நகரையே எரித்த பெண்ணிடம் இந்த மக்கள் மழை கேட்கிறார்கள், நோய் தீரக் கேட்கிறார்கள், பிழை பொறுக்கக் கேட்கிறார்கள். எரித்தவள் எப்படி அருள்பவளானாள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பொதுவாகச் சொல்லப்படும் விடை எளிது: அஞ்சியதால் வணங்கினார்கள், வணங்கியதால் அவள் தணிந்தாள். வெப்பு நோய்க்கும் அம்மைக்கும் உரிய தெய்வங்களைப் பற்றி எங்கும் சொல்லப்படுவது இதுதான். அச்சம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு மட்டக்களப்புச் சடங்கின் வரிசை முறையை விளக்க முடியாது. அந்த வரிசையில்தான் அருள் பற்றிய ஒரு தெளிவான கருத்து பொதிந்திருக்கிறது.

முதலில் சிலப்பதிகாரம். கண்ணகியின் கணவன் கோவலனை ஆராயாமல் கொன்ற குற்றம் நடந்துவிட்டது, இனி என்ன செய்வது என்ற கேள்விக்கு அக்காப்பியம் ஒரே விடையைத் தரவில்லை. பாண்டியன் தன் தவறை அவையிலேயே ஒப்புக்கொண்டு அரியணையில் உயிர்விடுகிறான். இது ஒரு விடை. மதுரை எரியும்போது மதுராபதித் தெய்வம் வந்து முற்பிறவிக் கதை சொல்கிறது: கலிங்க நாட்டில் பரதன் என்ற பெயரோடு இருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொலைக்கு ஆளாக்கினான், அவன் மனைவி நீலியின் சாபம் இப்போது பலித்தது. அதாவது பழி ஊழின் தலையில் போடப்படுகிறது. காப்பியத்தின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரை தரும் விடையோ கொடியது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவ, வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான், மழை பெய்தது. ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சனைக்கு ஆயிரம் பேரின் உயிர்! படிப்பவர் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள். அருளைப் பற்றிப் பேசுகிறவர் கடந்துபோகக் கூடாத இடம் இது.

இவற்றுக்கெல்லாம் அப்பால், வாழ்த்துக் காதையில், வஞ்சியில் தோன்றும் கண்ணகி பாண்டியன் குற்றமற்றவன் என்கிறாள். தான் அவன் மகள் என்றும் சொல்கிறாள். தன் கணவனைக் கொன்ற அரசனைத் தந்தையாக ஏற்கும் அந்தக் குரலைக் காப்பியம் விளக்காமலே விட்டுவிடுகிறது. காப்பியம் விட்ட இடத்திலிருந்து மட்டக்களப்பு மரபு தொடங்குகிறது.

கண்ணகி வழிபாடு இலங்கைக்கு வந்த வழியைப் பற்றி ஒரு சொல். வஞ்சியில் நடந்த கடவுள் மங்கலத்துக்கு இலங்கை மன்னன் கயவாகு வந்திருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுவதால், கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே அவன் இவ்வழிபாட்டைக் கொண்டுவந்தான் என்பது நம் மேடைகளில் முடிந்த முடிபாகவே வழங்குகிறது. மகாவம்சம் கயவாகுவின் ஆட்சியைச் சொல்கிறது, கண்ணகியைச் சொல்லவில்லை. கணநாத் ஒபயசேகர 1984ல் வெளியான பத்தினித் தெய்வ வழிபாடு பற்றிய தம் பெருநூலில், கயவாகு கதையை வரலாறாகக் கொள்ள முடியாது என்றும், தென்னிந்தியாவிலிருந்து, சிறப்பாகக் கேரளப் பக்கமிருந்து, பல காலங்களில் வந்து குடியேறியவர்களோடு இவ்வழிபாடு வந்தது என்றும் வாதிட்டார். அவருடைய சமண பௌத்தத் தோற்றக் கருத்துகள் அனைத்தையும் நான் ஏற்கவில்லை. ஆனால் ஓர் அரசன் ஒரு நாள் கப்பலில் கொண்டுவந்து இறக்கினான் என்பதைவிட, மக்கள் தங்கள் கதையோடு வந்தார்கள் என்பதே மட்டக்களப்புச் சான்றுகளுக்குப் பொருந்துகிறது. பூசை செய்பவரைக் கட்டாடியார் என்றும், சில ஊர்களில் கப்புகனார் என்றும் அழைக்கிறார்கள். பிராமணரல்லாத இந்தப் பூசகர் மரபுக்குச் கண்ணகியைப் பத்தினி என வணங்கும் சிங்களக் கோயில்களின் கப்புறாளை நெருங்கிய உறவு.

இனி வழக்குரை. கோயில்களில் ஏட்டிலிருந்து பாடப்பட்டு வந்த கண்ணகி வழக்குரையை வி.சீ. கந்தையா பதிப்பிக்க, 1968ல் காரைதீவிலிருந்து அது நூலாக வெளிவந்தது. ஆசிரியர் யார், காலம் எது என்பதில் அறிஞர் ஒத்துப்போகவில்லை. யாழ்ப்பாணத்தில் இதே கதை கோவலனார் கதை என்ற பெயரில் வழங்கியது. வரம்பெறு காதையில் தொடங்கி, கப்பல் வைத்து, கடலோட்டி, கலியாணம் முடித்து, மாதவி அரங்கேறி, அடைக்கலம், கொலைக்களம், வழக்கு என்று நடந்து குளிர்ச்சிக் காதையில் நூல் முடிகிறது. மதுரை எரிந்த பிறகு சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் இமயத்துக்குப் போகிறது. அங்கே கண்ணகி சிலைக்குக் கல் எடுக்கிறார்கள், போர் நடக்கிறது. வழக்குரையோ இடைச்சேரிக்குப் போகிறது. ஆயர் குலப் பெண்கள் வெண்ணெயும் தயிரும் கொண்டு அவள் வெம்மையை ஆற்றுகிறார்கள். கனக விசயர் தலையில் கல்லேற்றிய சேரன் இங்கே தேவைப்படவில்லை.

இதைவிடப் பெரிய மாற்றம் நூலின் தொடக்கத்தில் இருக்கிறது. வழக்குரையில் கண்ணகி பாண்டியன் அரண்மனை மாங்கனியிலிருந்து பிறந்த குழந்தை. இவளால் மதுரைக்கு அழிவு என்று கணியர் சொல்ல, பாண்டியன் அவளைப் பேழையில் வைத்து நீரில் விட்டுவிடுகிறான். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் எடுத்து வளர்க்கிறார்கள். ஆகவே சிலம்போடு அவைக்கு வருபவள் அவன் ஒருமுறை தள்ளிவிட்ட மகள். வாழ்த்துக் காதையின் அந்த ஒற்றைக் கூற்றையே இக்கதை மரபு கருவாக எடுத்து வளர்த்தது என்று எனக்குப் படுகிறது. விளைவு முக்கியமானது. அரசனுக்கும் குடிக்கும் இடையிலான வழக்கு தந்தைக்கும் மகளுக்கும் இடையிலான வழக்காகிவிடுகிறது. அரசனோடு முறிந்தால் நாட்டை விட்டுப் போகலாம். தந்தையோடு முறிந்தால் எங்கே போவது? உறவு இருப்பதால் கோபம் கூடுகிறது. அதே உறவால் கோபம் ஆறவும் வழி பிறக்கிறது. தாய்வழிக் குடிமுறை நிலவும், வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகப் போகும் மட்டக்களப்புச் சமூகத்தில், வீட்டிலிருந்து அகற்றப்பட்ட மகள் என்பது எத்தனை பெரிய குற்றம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சடங்கின் வரிசைக்கு வருவோம். கதவு திறந்தவுடன் குளிர்த்தி நடப்பதில்லை. கல்யாணக்கால் நட்டு அம்மனுக்கு ஒரு திருமண வீட்டை அமைக்கிறார்கள். பிறகு இரவுகளில் கதை பாடப்படுகிறது. கோவலன் பிரிந்தது, மாதவி பொன்னுக்காக அவனை மறித்தது, தட்டானின் வஞ்சனை, ஆராயாத தீர்ப்பு, கொலை எல்லாம் அவள் முன்னிலையிலேயே மீண்டும் சொல்லப்படுகின்றன. எதையும் மூடி மறைப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஊர் கூடியிருந்து அந்தக் குற்றப்பத்திரிகையை முழுக்கக் கேட்கிறது. அதன் பின்தான் வேப்பிலையும் நீரும். பாடலோடு அம்மன் குளிர்விக்கப்படுகிறாள். அந்த நீர் கூடியிருப்பவர் மேலும் தெளிக்கப்படுகிறது. தெய்வத்தைக் குளிர்வித்த நீரே மனிதரையும் குளிர்விக்கிறது. ஆயிரம் பொற்கொல்லரின் குருதி இருந்த இடத்தில் இங்கே ஒரு குடம் நீர் இருக்கிறது. கதை கேட்கப்படாமல் குளிர்த்தி இல்லை என்பதே இச்சடங்கின் இலக்கணம். அருள் நிபந்தனையற்றது என்று வேண்டுமானால் சொல்லலாம். விசாரணையற்றது என்று மட்டக்களப்பு சொல்லாது.

மன்னிக்கப்பட வேண்டியவன் பாண்டியன் மட்டுமா? காப்பியக் கண்ணகி கோவலனோடு சண்டையிடுவதே இல்லை. பொருளெல்லாம் தொலைத்துத் திரும்பியவனிடம் காற்சிலம்பு இருக்கிறது என்று சொல்லி அவனோடு நடக்கிறாள். இளங்கோ அமைதியாகக் கடந்த அந்தப் பூசலை வாவிக்கரை மக்கள் மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். கொம்பு முறித்தல் என்ற விளையாட்டில் ஊர் இரண்டாகப் பிரியும்: வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி இரு பக்கமும் வடம் பிடித்து இழுப்பார்கள். முறிந்த கொம்புக்குரியவர் தோற்றவர். இடையே வசைப் பாடல்கள் பறக்கும். மழை பொய்த்தபோதும் நோய் வந்தபோதும் இது நடத்தப்பட்டது. கேரளத்துக் கொடுங்கல்லூர்ப் பரணித் திருவிழாவிலும் வசைப் பாட்டு உண்டு. அங்கே நெடுங்காலம் கோழிப் பலியும் இருந்தது. இங்கே திட்டுவதற்கும் இழுப்பதற்கும் ஒரு கட்சியமைப்பைக் கொடுத்து, கணவன் மனைவி வழக்கை ஊரே நடத்தித் தீர்த்துவிடுகிறது. பாணமையில் தமிழரும் சிங்களவரும் சேர்ந்து நடத்தும் அங்கெலிய இதன் உடன்பிறப்பு. பத்தினி பக்கம் ஒரு கட்சி, அவள் கணவன் பாலங்க பக்கம் மற்றொன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழிபாடு ஒரு பெரிய எதிர்ப்பைச் சந்தித்தது. ஆறுமுக நாவலர், சமணச் சார்புடைய ஒரு செட்டிப் பெண்ணைச் சைவர் வணங்குவதா என்று கண்டித்தார். யாழ்ப்பாணக் கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. ஆகமப் பூசை வந்தது. கதை பின்னே போயிற்று. நாவலர் 1879ல் மறைந்தார். ஆனால் அவர் தள்ளிய கதைக்குப் பிறகு புது மதிப்பு வந்தது. 1892ல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் காரைதீவில், கண்ணகை அம்மன் கோயிலுள்ள ஊரில், விபுலாநந்த அடிகள் பிறந்தார். 1947ல் அரங்கேறிய அவரது இசையாய்வு நூலான யாழ்நூல், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் இசைச் செய்திகளை அடித்தளமாகக் கொண்டது. மட்டக்களப்பில் நாவலரின் கண்டனம் வேர்விடாமற் போனதற்குக் காரணம் கோயில்களின் உடைமையும் உரிமையும் குடிகளிடமும் கோயில் நிர்வாகிகளான வண்ணக்கர்மாரிடமும் இருந்ததே என்பது என் துணிபு.

சைவ சித்தாந்தம் தெரிந்தவர், தண்டனையும் இறைவனின் அருளே, அது மறக்கருணை என்பார். கண்ணகியின் தீயையும் அப்படிப் படிக்க இடமுண்டு. மறுபக்கம், 1814ல் வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கியதிலிருந்து, தகுதி பாராமல் முந்தி வரும் கிருபை என்ற செய்தியும் இதே வாவிக்கரையில் ஒலித்து வருகிறது. திருவாசகம் ஓதுவோருக்கும் அது புதிய செய்தியல்ல. இம்மூன்றிலும் அருள் மேலிருந்து இறங்குகிறது. குளிர்த்தியில் மட்டும் மனிதர் தெய்வத்துக்கு ஆறுதல் செய்கிறார்கள். தவறு செய்த தரப்பே குடம் தூக்குகிறது. இந்த வேறுபாட்டைச் சமய ஒப்பீட்டாளர் போதிய அளவு கவனிக்கவில்லை.

போர்க்காலத்தில் அருள் பற்றிய இந்த எண்ணம் வெறும் ஏட்டுச் சிந்தனையாக இருக்கவில்லை. 1990 செப்டம்பர் 5ல் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் படுகொலை. வழக்குரைக்க மன்றம் இல்லாத அந்த ஆண்டுகளில், மக்கள் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்லும் பெண்களிடம் போனார்கள். மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் 1990களில் மட்டக்களப்பில் தங்கி இதை ஆராய்ந்தார். வெளியே சொல்ல முடியாத துயரம் உருவேறியவரின் வாய்வழியே சொல்லப்பட்டது என்பது அவர் எழுத்துகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. காணாமற்போனோருக்கான அலுவலகம் 2018ல்தான் இயங்கத் தொடங்கியது. மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று இப்பிரதேசத்து மக்களுக்குச் சொல்ல வருகிறவர்கள், வழக்குரை பாடி முடியாமல் இங்கே யாரும் குளிர்த்திக் குடத்தைத் தொடுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. குளிர்த்திப் பாடல்களும் ஊர்சுற்றுக் காவியங்களும் மழைக்காவியமும் ஊருக்கு ஊர் பாட வேறுபாடுகளோடு வழங்குகின்றன. அச்சிட்ட வழக்குரை வசதிதான். ஆனால் அது எல்லா ஊர்ப் பாடத்துக்கும் ஈடாகாது. கோபுரம் கட்டவும் கும்பாபிஷேகம் செய்யவும் பணம் திரட்டும் வண்ணக்கர்மார், கட்டாடியாரிடம் இருக்கும் ஏடுகளையும் கையெழுத்துக் கொப்பிகளையும் படமெடுத்து வைக்கவும், முழு வழக்குரையையும் முதியவர்களைக் கொண்டு பாடுவித்து ஒலிப்பதிவு செய்யவும் அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மாணவர்கள் அடுத்த வைகாசியிலேயே இந்த வேலையைத் தொடங்கலாம்.