மேற்கோள் எண்ணிக்கை... டாக்டரின் மார்க்கா?

விழுப்புரமோ திண்டிவனமோ, வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய்னு தெரிந்ததும் டாக்டர் பெயரை கூகுளில் தட்டுகிறோம். 'இத்தனை கட்டுரைகள், இத்தனை மேற்கோள்கள், ஹெச்-இண்டெக்ஸ் இவ்வளவு' என்று வருகிறது. அப்படின்னா என்ன?

ஒருவரின் ஆய்வை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் சுட்டிக்காட்டுவதே மேற்கோள். ஒருவருடைய கட்டுரைகளில் 20 மட்டும் தலா 20 முறைக்குக் குறையாமல் சுட்டப்பட்டிருந்தால், அவரின் ஹெச்-இண்டெக்ஸ் 20. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-ல் சொன்ன கணக்கு இது.

எண்ணைவிட, அதன் பின்னால் என்ன இருக்குன்னு பார்க்கணும். டாக்டர் ஆர்.சங்கரநாராயணன் குழு, திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிக் கர்ப்பப்பை வாயைப் பரிசோதித்தது. பரிசோதனை நடக்காத பகுதிகளோடு ஒப்பிட்டால், அந்தப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவிகிதம் குறைவு. 2007-ல் 'லான்செட்' இதழில் வந்த இந்தக் கட்டுரையை உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள்.

மேற்கோள் சொல்வது ஆய்வின் தாக்கத்தை. டாக்டரின் கைராசியை அல்ல. 30 வயதைத் தாண்டிய பெண்கள், திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இந்தப் பரிசோதனை பற்றி அவசியம் கேளுங்கள். சில நிமிட வேலைதான்!