ஆடும் முன்பே முதலிடம்!

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம்ம கால்பந்து இல்லீங்க, முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்) ஒரு விநோதம் உண்டு. சீசன் தொடங்கும் முன்பே பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டு அணிகளை வரிசைப்படுத்திவிடுவார்கள்! 1950 முதல் ஏபி செய்தி நிறுவனம் இதை நடத்துகிறது.

2012இல் முதலிடம் யூ.எஸ்.சி.க்கு. முந்தைய வருடம் 10 வெற்றி. குவார்ட்டர்பேக் மாட் பார்க்லியும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் கடைசி வருடம் தங்கிவிட்டார். கேட்க வேண்டுமா? பழைய விதிமீறலுக்குத் தண்டனையாக உதவித்தொகை இடங்கள் வெட்டப்பட்டு, மாற்று ஆட்டக்காரர்கள் குறைந்திருந்தது அந்த உற்சாகத்தில் அடிபட்டுப் போயிற்று.

மூன்றாவது ஆட்டத்திலேயே ஸ்டான்ஃபோர்டிடம் 21-14 தோல்வி. கடைசியில் 7 வெற்றி, 6 தோல்வி. முதல் 25இல்கூட இடமில்லை! தோளில் அடிபட்ட பார்க்லியை 2013இல் நான்காம் சுற்றில்தான் எடுத்தார்கள்.

காமர்ஸ் மாணவனாகச் சொல்கிறேன்: குட்வில் சொத்துதான். ஆனால் அதை வைத்துக் கடன் அடைக்க முடியாது!